எந்தப் பக்கத்துப் பார்வை

சங்கரன்கோவில், குருவிகுளம், கோவில்பட்டி வட்டாரத்து லேத்துப் பட்டறைகளில் நெடுங்காலம் டிராயிங்கின் இடத்தில் சாம்பிள்தான் இருந்தது. விசைத்தறியில் தேய்ந்த பிராக்கெட்டோ பம்பில் உடைந்த ஃபிளேஞ்சோ சாக்குப்பையில் வந்து இறங்கும். வெர்னியரை வைத்து அளந்து, அதே போல ஒன்று செய்து கொடுப்பார்கள். எது முன்புறம், எது பின்புறம் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பொருள் கையில் இருக்கிறது, திருப்பிப் பார்த்தால் போதும். ஆனால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகிவிடும். பல வருடம் ஓடி அகன்றுபோன துளையின் அளவு புதுத் துண்டிலும் ஏறும். அதைப் பார்த்து அடுத்தது செய்தால் இன்னும் கொஞ்சம் விலகும். அளவு கெடாமல் இருக்க வேண்டிய வேலைகள் பெருகப் பெருக, சாம்பிளோடு தாளும் வரத் தொடங்கியது.

தாளில் பொருளைத் திருப்ப முடியாது. முன்னாலிருந்து பார்த்தது எலிவேஷன், மேலிருந்து பார்த்தது பிளான், பக்கவாட்டில் பார்த்தது சைடு வியூ என்று மூன்று தட்டையான பார்வைகள் இருக்கும். எந்த ஒன்றிலும் முழுப் பொருள் இல்லை. எலிவேஷனில் நீளமும் உயரமும் உண்டு, ஆழம் கிடையாது. பிளானில் நீளமும் ஆழமும் உண்டு, உயரம் கிடையாது. மூன்றையும் மனத்துக்குள் சேர்த்தால்தான் பொருள் எழுந்து நிற்கும். ஆர்த்தோகிராபிக் புரொஜெக்ஷன் என்று வகுப்பில் சொல்லப்படும் முறையின் உண்மையான வேலை இந்தச் சேர்க்கைதான். வரைவதைச் சில மாதங்களில் கற்றுவிடலாம். படிப்பது வருடக்கணக்கில் பழகி வருவது.

குருவிகுளம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பத்தாம் வகுப்பு முடித்து, திருநெல்வேலி பேட்டை அரசு ஐ.டி.ஐ.க்கும் கோவில்பட்டியில் உள்ள பாலிடெக்னிக்குக்கும் போன பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் முதலில் கரும்பலகையில்தான் அறிமுகமானது. படுத்த தளம் (எச்.பி.) ஒன்று, நின்ற தளம் (வி.பி.) ஒன்று. இரண்டும் வெட்டிக்கொள்வதால் உண்டாகும் நான்கு கால்பகுதிகள். முதல் கால்பகுதியில் பொருள் எச்.பி.க்கு மேலே, வி.பி.க்கு முன்னே, மூன்றாவதில் எச்.பி.க்குக் கீழே, வி.பி.க்குப் பின்னே. இரண்டாவதிலும் நான்காவதிலும் தளத்தை மடக்கி விரித்தால் பிளானும் எலிவேஷனும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து குழம்பும், ஆகவே அவை வழக்கில் இல்லை. இதை ஒப்பித்தால் தேர்வில் மதிப்பெண் விழும். ஒப்பித்தவர்கள் பட்டறைக்குப் போய் முதல் டிராயிங்கைக் கையில் வாங்கியதும் திகைத்து நின்றதும் உண்டு.

நல்ல ஆசிரியர்கள் கரும்பலகையை விட்டு இறங்கினார்கள். தீப்பெட்டித் தொழில் நடக்கும் பகுதி என்பதால் தீப்பெட்டி எந்த வகுப்பிலும் கிடைக்கும். இந்தப் பாடத்துக்கு அதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. மூன்று பக்கமும் வெவ்வேறு அளவு. ஒன்றில் லேபிள், ஒன்றில் உரசும் மருந்து, ஒன்றில் உள்தட்டின் முகம். ஒரு கெட்டி அட்டையை மடித்து மூலை மாதிரி நிறுத்தி, அதற்குள் தீப்பெட்டியை வைத்து, கண்ணுக்கும் அட்டைக்கும் நடுவில் பொருள் இருக்கும்படி பார்க்கச் சொல்வார்கள். இடப்பக்கமிருந்து பார்த்தால் தெரியும் முகம் வலப்பக்கத்து அட்டையில் போய் விழும். மேலிருந்து பார்த்தது கீழே தரையில் விழும். அட்டையை விரித்தால் எலிவேஷனுக்குக் கீழே பிளான், வலப்பக்கத்தில் இடப்பார்வை. ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை இவ்வளவுதான். அடுத்து, அதே தீப்பெட்டியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததாக எண்ணச் சொல்வார்கள். இப்போது கண்ணுக்கும் பொருளுக்கும் நடுவில் கண்ணாடி இருக்கிறது. மேலிருந்து பார்த்தது மேல் கண்ணாடியிலேயே பதியும், வலமிருந்து பார்த்தது வலக் கண்ணாடியிலேயே பதியும். விரித்தால் பிளான் மேலே ஏறி நிற்கும். இது தேர்ட் ஆங்கிள். மூடிய பெட்டிக்குள் இருக்கும் உள்தட்டு வெளியே தெரியாது என்பதால் அதைப் புள்ளிக் கோட்டில் காட்ட வேண்டும். முக்கால் மணி நேரத்தில் இதைப் பிடித்துக்கொண்ட மாணவர்களுக்குப் பின்னால் இந்த இடத்தில் குழப்பம் வந்ததில்லை.

மழைக்குப் பிறகு கரிசல் மண்ணைப் பிசைந்து கட்டியாக்கி, டிராயிங்கைப் பார்த்துக் கத்தியால் அறுத்துக் கொண்டுவரச் சொன்ன ஆசிரியர்களும் இருந்தார்கள். அந்தப் பயிற்சி மிகவும் நல்லது. தாளிலிருந்து பொருளுக்குப் போவதுதான் பட்டறையின் திசை. வகுப்பறைகள் பெரும்பாலும் பொருளிலிருந்து தாளுக்குப் போவதையே சொல்லிக்கொடுத்து நின்றுவிடுகின்றன.

இந்த முறைக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தவர் பிரான்சின் காஸ்பார் மோஞ்ச். மேசியேர் நகரத்து ராணுவப் பொறியியல் பள்ளியில் 1760களில் அவர் வேலை பார்த்தபோது, எதிரியின் குண்டு எட்டாதபடி கோட்டைச் சுவரின் உயரத்தைத் தீர்மானிக்க நீண்ட கணக்குப் போடுவார்கள். மோஞ்ச் அதைக் கோடுகளால் போட்டு முடித்தார். இவ்வளவு சீக்கிரம் முடிய வாய்ப்பில்லை என்று மேலதிகாரி முதலில் அதைப் பார்க்கவே மறுத்தாராம். பார்த்த பிறகு அந்த முறை பல ஆண்டுகள் ராணுவ ரகசியமாக வைக்கப்பட்டது. 1795இல்தான் பாரிசில் மோஞ்ச் அதை வெளிப்படையாகப் பாடம் நடத்தினார்; நூல் 1799இல் வந்தது. சென்னையில் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்த நில அளவைப் பள்ளி தொடங்கியது 1794இல். தளத்தின் மீது செங்குத்தாக விழும் பார்வை என்ற ஒரே எண்ணத்தைக் கோட்டைக்காரரும் நில அளவைக்காரரும் கையில் வைத்திருந்த காலம் அது.

ஐரோப்பா ஃபர்ஸ்ட் ஆங்கிளில் நிலைத்தது. அமெரிக்கா 19ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் தேர்ட் ஆங்கிளுக்குப் போய்விட்டது. இரண்டு மரபுகளும் இந்தியாவுக்குள் கூட்டுத் தொழிற்சாலைகளின் வழியாகவும் வந்தன. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை 1955 அக்டோபரில் சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு தொடங்கியது. திருச்சி பெல் தொழிற்சாலை 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு வந்து, பிறகு அமெரிக்க நிறுவனத்தோடும் கைகோத்தது. அதே 1955இல் இந்தியத் தர நிறுவனம் ஐ.எஸ். 696 என்ற நெறியை வெளியிட்டு, தேர்ட் ஆங்கிளைப் பரிந்துரைத்தது. 1973 டிசம்பரில் வந்த திருத்தத்தில், எந்த முறை வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அதன்பின் எஸ்.பி. 46 என்ற கையேடு 1988இல் ஃபர்ஸ்ட் ஆங்கிளை நிலைநிறுத்தியது. 2003இல் வந்த திருத்தமும் அதையே உறுதி செய்தது. அண்ணா பல்கலைக்கழக முதலாண்டு இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் பாடத்திட்டமும் எஸ்.பி. 46-ஐத்தான் சுட்டுகிறது.

தரநெறி இரண்டு முறை நிலை மாறியதன் விளைவைப் பட்டறைத் தரையில்தான் காண முடிந்தது. 1960களில் படித்த ஃபோர்மேனுக்குக் கண் தேர்ட் ஆங்கிளில் பழகியிருக்கும். 1990களில் படித்து வந்த டர்னருக்கு ஃபர்ஸ்ட் ஆங்கிள். இருவரும் ஒரே மேசையில் ஒரே தாளைப் பார்த்து, வெவ்வேறு பொருளை மனத்தில் கட்டுவார்கள். இருவருமே சரியாகப் படித்தவர்கள். அதனால்தான் தகராறு தீர நேரமாகும். “அண்ணாச்சி, இது எந்தப் பக்கத்துல இருந்து பாத்தது?” என்று கேட்கும் பையனைக் கோபித்துக்கொள்ளாத பட்டறையில் ஸ்கிராப் குறைவாக விழுந்தது.

இந்தக் குழப்பம் எங்கே உறைக்கும் என்பதற்கு விசைத்தறிப் பிராக்கெட் ஒன்றே போதும். தறிகளில் இடக்கை, வலக்கை என்று இரண்டு உண்டு. ஓட்டும் கைப்பிடி எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து, பல பாகங்கள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கும். எல் வடிவப் பிராக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நிற்கும் தகட்டில் இடப்பக்கம் மேலாக ஒரு துளை, வலப்பக்கம் கீழாக ஒரு துளை. அடிப்பாதம் முன்னோக்கி நீண்டிருக்கிறது. ஃபர்ஸ்ட் ஆங்கிளில் வரைந்தால் எலிவேஷனுக்கு வலப்பக்கத்தில் இடப்பார்வை நிற்கும். அதில் பாதம் வலது பக்கம், அதாவது எலிவேஷனை விட்டு விலகி நீளும். அதே தாளைத் தேர்ட் ஆங்கிள் என்று நினைத்துப் படிப்பவருக்கு, அது வலமிருந்து பார்த்த பார்வை. அப்படியானால் வலது பக்கம் நீள்வது பின்புறம். அவர் பாதத்தைப் பின்னோக்கி வைத்துச் செய்துவிடுவார். அளவுகள் எல்லாம் சரியாக இருக்கும். வெர்னியரில் ஒரு குறையும் தெரியாது. தறியில் மாட்டும்போது துளைகள் இடம் மாறி நிற்கும். பக்கத்தில் உள்ள எதிர்க்கைத் தறியில் மட்டும் கச்சிதமாகப் பொருந்தும். இடக்கைக்கும் வலக்கைக்கும் ஒவ்வொரு டிராயிங் போட வேண்டிய இடத்தில், ஒன்றை மட்டும் போட்டு “மற்றது இதற்கு எதிர்” என்று எழுதிவிடுவதும் பட்டறை வழக்கம். அந்தத் தாளைத் தப்பாகப் படித்தால் இரண்டு குவியலும் பெயர் மாறிக் கிடக்கும். எண்ணிக்கை சரியாக இருப்பதால், கட்டுப் பிரித்துத் தறியில் மாட்டும்வரை யாருக்கும் தெரியவராது.

தப்பைக் காட்டிக்கொடுக்கும் கோடு அந்தத் தாளிலேயே இருக்கிறது. பாதம் முன்னோக்கி இருந்தால், எலிவேஷனில் அதன் மேல்விளிம்பு முழுக்கோடாக விழும். பின்னோக்கி இருந்தால் தகடு மறைப்பதால் அதே இடத்தில் புள்ளிக் கோடு விழும். அனுபவசாலிகள் சைடு வியூவைப் படித்த கையோடு எலிவேஷனுக்குத் திரும்பி இந்த ஒரு கோட்டைத்தான் பார்ப்பார்கள். முழுக்கோடு இருந்து, மனத்தில் பாதம் பின்னால் இருந்தால், படித்த முறை தவறு என்று அர்த்தம். மறைந்த கோடுகளைப் போடச் சோம்பும் டிராஃப்ட்ஸ்மேன் எடுத்துவிடுவது இந்தக் காவலைத்தான். துளை முழுக்க ஊடுருவிப் போகும் பாகங்களில் முன்னாலிருந்து பார்த்தாலும் பின்னாலிருந்து பார்த்தாலும் வட்டம் முழுக்கோடாகவே இருக்கும், அங்கே காட்டிக்கொடுக்க ஒன்றுமில்லை. ஆகவே எளிமையான தகட்டு வேலைகளில்தான் கண்ணாடிப் பிம்பத் தவறு அதிகம். சிக்கலான வார்ப்புகளில் ஏதாவது ஒரு கோடு முரண்பட்டு நின்று எச்சரித்துவிடும்.

வேகமாகப் படிக்கப் பயன்படும் விதி ஒன்று உண்டு. தேர்ட் ஆங்கிளில் பொருளின் முன்புறம் எப்போதும் எலிவேஷனை ஒட்டி இருக்கும். ஃபர்ஸ்ட் ஆங்கிளில் எலிவேஷனை விட்டு விலகி இருக்கும். பிளானுக்கும் இதுதான், இரண்டு சைடு வியூவுக்கும் இதுதான். கால்பகுதிகளை மறந்துபோன முப்பது வருடத்து ஃபிட்டரும் இதை மறந்ததில்லை.

டி-ஸ்கொயர் காலத்தில் ஒரு தாள் முடிய நாளாகும். ஏ1 தாள் 594-க்கு 841 மில்லிமீட்டர். அதைப் பலகையில் ஒட்டி, துணைக்கோடுகளை 2எச் பென்சிலில் மெலிதாக இழுத்து, விளிம்புகளை எச் பென்சிலில் அழுத்துவார்கள். சித்திரை வெயிலில் முழங்கை வியர்வை பட்டால் தாள் உப்பிவிடும் என்று கைக்குட்டையை விரித்து அதன்மேல் கையை வைத்துக்கொள்வார்கள். அந்தத் தாளின் மேல் டிரேசிங் பேப்பரைப் போட்டு மசியில் எடுத்த பிறகு ஒரு கோடு பிசகினால், சவர பிளேடால் சுரண்ட வேண்டும். சுரண்டிய இடத்தில் மறுபடி மசி பரவும். பிறகு அம்மோனியா பிரிண்ட், அதன் நெடி. இவ்வளவு பாடுபட்டு இழுக்கும் கோடு என்பதால், இழுப்பதற்கு முன் யோசனை அதிகம் நடந்தது. எலிவேஷனில் ஒரு புள்ளி வைத்தால், அது பிளானில் நேர்கீழே எங்கே விழும், 45 பாகைக் கோட்டில் திரும்பிச் சைடு வியூவில் எங்கே போகும் என்பதைக் கை தானாகவே செய்து பார்க்கும். மூன்று பார்வைகளும் ஒரே பொருளின் பார்வைகள் என்ற உணர்வு அந்தத் துணைக்கோடுகளின் வழியாகவே விரலில் ஏறியது. மினி டிராஃப்டர் வந்து வேகத்தைக் கூட்டியது; இந்த உணர்வைக் குறைக்கவில்லை.

தளத்துக்கு இணையாக இல்லாத எதுவும் அந்தப் பார்வையில் தன் உண்மை நீளத்தைக் காட்டாது. வகுப்பில் இதற்கென்று ஒரு அதிகாரமே உண்டு. மாணவர்கள் அதிகம் வெறுக்கும் அதிகாரமும் அதுதான். ஊருக்குள் இது சோதனைக்கு வருவது கூரை போடும்போது. 30 பாகைச் சரிவுள்ள ஷெட்டின் பாதி அகலம் பிளானில் 3 மீட்டர் என்றால், சரிவின் வழியே நீளம் ஏறத்தாழ 3.46 மீட்டர். பிளானைப் பார்த்து 3 மீட்டர் ஷீட் வாங்கி வந்தால் முகட்டை எட்டாது. அந்த நீளத்தை எலிவேஷனில் அளக்க வேண்டும். நில அளவையிலும் இதே கணக்கு ஓடுகிறது. எஃப்.எம்.பி. எனும் புலப்படத்தில் உள்ள தூரங்கள் படுத்த தளத்தில் விழுந்த தூரங்கள். குருவிகுளத்துக் கரிசல் காடு சமதரை என்பதால் சங்கிலியில் அளந்ததும் படத்தில் உள்ளதும் ஒன்றாகவே இருக்கும். மேற்கே புளியங்குடி, வாசுதேவநல்லூர் பக்கம் மலையடிவாரச் சரிவுக்குப் போனால், 30 பாகைச் சரிவில் நடந்து அளந்த 100 மீட்டர் படத்தில் 86.6 மீட்டர்தான். இதைத் தெரியாமல் சர்வேயர் நிலத்தைக் குறைத்துவிட்டார் என்று சண்டை போட்டவர்கள் உண்டு.

இதுவரை சொன்ன பிளானிலிருந்து மாறுபட்டு, கட்டட டிராயிங்கில் பிளான் என்பது மேலிருந்து பார்த்தது இல்லை. மேலிருந்து பார்த்தால் மொட்டைமாடிதான் தெரியும். சன்னல் மட்டத்தில் வீட்டைக் கிடையாக அறுத்து, மேல்பாதியை எடுத்துவிட்டுப் பார்த்ததைத்தான் கட்டடக்காரர்கள் பிளான் என்கிறார்கள். மெக்கானிக்கல் படித்துவிட்டு வீட்டு பிளான் போட உட்காருபவர்களுக்கு இதை ஒருமுறை சொன்னால் போதும்.

குருவிகுளத்துக்கு அருகில் உள்ள கழுகுமலை வெட்டுவான் கோவிலைப் பார்க்க மாணவர்களைக் கூட்டிப்போவது இந்தப் பாடத்துக்குப் பெரிய உதவி. 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. ஒரே பாறையை மேலிருந்து கீழாக வெட்டி இறங்கியிருக்கிறார்கள்; விமானம் முழுமையாக இருக்க, அடிப்பகுதி முடியாமல் நிற்கிறது. சிகரத்தைச் செதுக்கும்போதே, இன்னும் வெட்டப்படாத அடித்தளத்தின் நீளமும் அகலமும் முடிவாகியிருக்க வேண்டும். வெட்டிய கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது. மேற்பார்வையையும் நான்கு பக்கத்துப் பார்வைகளையும் ஒன்றாக மனத்தில் நிறுத்தாமல் இந்த வேலை நடந்திருக்காது. பலகையின் முன் மாதக்கணக்கில் உட்கார்ந்தும் பிடிபடாத மாணவர்கள், அந்தப் பாறையின் முன் நின்று எலிவேஷனை வரைந்து பார்த்தபோது தெளிந்ததுண்டு.

ஆட்டோகேட் 1982 டிசம்பரில் வெளிவந்தது. இந்த வட்டாரத்துப் பயிற்சி மையங்களுக்கு வந்து சேர அதற்குப் பிறகு பல வருடம் பிடித்தது. தொடக்கத்தில் அது வேகமான பலகையாகவே பயன்பட்டது. பார்வைகளை வரைபவர்தான் யோசிக்க வேண்டியிருந்தது. முப்பரிமாண மாடலிங் வந்த பிறகு நிலைமை மாறியது. பொருளைத் திரையில் கட்டிவிட்டால் மூன்று பார்வையும் தானாக விழும். ஃபர்ஸ்ட் ஆங்கிளா தேர்ட் ஆங்கிளா என்பது அமைப்புப் பகுதியில் உள்ள ஒரு தேர்வு. வேறு நாட்டு டெம்ப்ளேட்டோடு வந்த மென்பொருளை அப்படியே பயன்படுத்தினால், வரைந்தவருக்கே தெரியாமல் தாள் தேர்ட் ஆங்கிளில் வெளியே போகும். கோடு ஒன்றும் தவறாக இருக்காது. மறைந்த கோடு விட்டுப்போகும் பழைய குறையை மாடலிங் தீர்த்துவிட்டது; அது பெரிய நன்மை. ஆனால் மாடலைச் சுழற்றியே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, சுழலாத தாளைப் படிக்கும் பழக்கம் வருவதில்லை. பட்டறைக்கு இன்றும் போவது தாள்தான். தரச்சோதனை மேசையில் அளவு சரிபார்ப்பதும் தாளை வைத்துத்தான். முதல் செமஸ்டரிலேயே கணினிக்குப் போய்விடாமல், சில வாரமாவது பென்சிலால் மூன்று பார்வையைப் பிடிக்க வைக்கும் கல்லூரிகளிலிருந்து வரும் பிள்ளைகள் பட்டறையில் சீக்கிரம் தேறுகிறார்கள்.

இப்போதைய பெரிய ஆபத்து செல்போனில் இருக்கிறது. டிராயிங்கைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். பார்வைகள் தெளிவாக விழ வேண்டும் என்று கிட்டே போய்ப் பிடிப்பதில், தாளின் வலது கீழ்மூலையில் உள்ள டைட்டில் பிளாக் வெட்டுப்பட்டுவிடுகிறது. எந்த முறையில் வரைந்தது என்று சொல்லும் சின்னம் அங்கேதான் இருக்கிறது: வெட்டிய கூம்பின் பக்கப்பார்வை ஒன்றும் இரட்டை வட்டம் ஒன்றும். கூம்பின் அகன்ற முனை வட்டங்களை ஒட்டியிருந்தால் ஃபர்ஸ்ட் ஆங்கிள். குறுகிய முனை ஒட்டியிருந்தால் தேர்ட் ஆங்கிள். மறைந்த கோடு காட்டிக்கொடுக்காத தகட்டு வேலைகளில் எந்தக் கைத் தறிக்கான பாகம் என்பதைச் சொல்ல இந்தச் சின்னத்தை விட்டால் வேறு வழியில்லாமல் போவதுண்டு.

டிராயிங் அனுப்புபவர்கள் சின்னத்தோடு “ஃபர்ஸ்ட் ஆங்கிள்” அல்லது “தேர்ட் ஆங்கிள்” என்று எழுத்திலும் எழுதி, நான்கு மூலையும் தெரிய முழுத் தாளையும் படம் பிடித்து அனுப்ப வேண்டும். வாங்கும் பட்டறைக்காரர்கள் அளவுகளுக்குப் போகும் முன் டைட்டில் பிளாக்கைப் பார்க்க வேண்டும். அது இல்லாத படம் வந்தால், மெட்டீரியலைச் சக்கில் பிடிக்கும் முன் அனுப்பியவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட வேண்டும்.